தன் வீட்டில்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டை விற்பதென்றால் முதலில் செய்ய வேண்டிய வேலை, அந்த வீட்டில் யாரும் வாழ்ந்ததே இல்லை என்பது போல அதைத் துடைத்து வைப்பதுதான். சாந்தகுமாரிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் தேஜஸ் என்கிற புரோக்கர். முப்பது வயதுக்குள் இருக்கும். வாய்க்கு வாய் ஆன்ட்டி. கன்னடத்துப் பையன்தான், ஆனால் தமிழ் பேசக் கூச்சப்படமாட்டான். வார்த்தை கிடைக்காத இடத்தில் கன்னடத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான்.

"உள்ள வர்றவங்க இது நம்ம வீடுன்னு நினைக்கணும் ஆன்ட்டி. உங்க வீடுன்னு நினைக்கக் கூடாது. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?" என்றான்.

"சரிப்பா" என்றாள் சாந்தகுமாரி.

அறுபத்தேழு வயது வரைக்கும் அவள் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அப்பா செல்லதுரை மில்லில் டைம் கீப்பர். வட ஆற்காட்டிலிருந்து வந்து, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து இந்த வீட்டை வாங்கியவர். மணி அடித்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று மில்லில் கற்றுக்கொண்டதை வீட்டிலும் நடத்திப் பார்த்தார். மூத்த மகள் டீச்சர் டிரெயினிங் போகட்டும் என்றார், சரிப்பா. கோலார் தங்கவயலிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் பெண் கேட்டு வந்தபோது, அவ்வளவு தூரத்தில் கொடுக்க மாட்டேன் என்றார், அதற்கும் சரிப்பா. கோலார் என்ன லண்டனிலா இருக்கிறது, காலையில் ரயிலேறினால் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற ஊர் என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் தங்கை நோரா. அப்போது நோரா பள்ளிக்கூடம்கூட முடித்திருக்கவில்லை. அக்காவுக்காகத் தங்கை கத்திக்கொண்டிருக்க, அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்குவதில் ஒரு சௌகரியம், கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

நோரா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தாள். வெண்கலக் குரல். சர்ச்சில் அவள் பாடினால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாஸ்டரோடு சண்டை, ஆட்டோக்காரனோடு சண்டை, குழாயில் தண்ணீர் வராவிட்டால் வார்டு ஆபீஸில் போய் சண்டை. பெண் பார்க்க வந்த நாலு பேரை வேண்டாம் என்றாள். ஒருவனுக்கு மூக்கு சரியில்லை, ஒருவனுக்கு அம்மா சரியில்லை. நாலு பேரை வேண்டாம் என்ற தங்கையும், ஒருவனை வேண்டாம் என்று பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அக்காவும் கடைசியில் ஒரே வீட்டில்தான் நின்றார்கள். அப்பா போனார், அம்மா போனாள், தம்பி லாயிட் கல்யாணமாகி ராமமூர்த்தி நகர் பக்கம் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனான். சாந்தகுமாரி பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து, சாந்தா மிஸ் என்று பெயர் வாங்கி, பென்ஷனோடு வீடு வந்து சேர்ந்தாள். சிவப்புத் தரை போட்ட முன்ரூமில் தெருப் பக்கத்து ஜன்னல் யாருக்கு என்பதில் மட்டும் அக்காளுக்கும் தங்கைக்கும் வயதான பிறகும் தகராறு தீரவில்லை.

பிறகு நோராவுக்கு ஈரல் கெட்டுப்போனது. நல்ல ஆஸ்பத்திரிதான், நல்ல டாக்டர்கள்தான். ஐ.சி.யூ.வில் குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தவள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றாள். அத்தனை பெரிய குரல் அப்போது காதை வாயருகே வைத்தால்தான் கேட்டது. மெஷினில் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். டாக்டர் சொன்னதைக் கேள் என்றான் லாயிட். வீட்டுக்குக் கொண்டுபோனால் அரைநாள்கூடத் தாங்காது என்றாள் அங்கே இருந்த நர்ஸ்.

சாந்தகுமாரி வாழ்க்கையில் முதல் தடவையாக, "முடியாது. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சொன்னபிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அரைநாள் தாங்காதவள் அந்த மழைக்காலம் முழுக்க இருந்தாள். முன்ரூமில் ஜன்னலோரம் வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தக்காளி வண்டிக்காரனோடு விலை பேசினாள். இப்போது ஜன்னல் எனக்கு என்று அக்காவைச் சீண்டினாள். சாந்தகுமாரி கழுவினாள், துடைத்தாள், திருப்பிப் படுக்க வைத்தாள், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினாள், பாட்டுப் பாடத் தெரியாதவள் நோராவுக்காகப் பாடவும் பாடினாள். ஒரு நாள் காலையில் ரொட்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் போகும்போது, ஊட்டிய கஞ்சி உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அக்காவின் கை கன்னத்தில் இருந்தது. தான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று சாந்தகுமாரி நினைத்தாள். பெருமை என்றே சொல்லலாம். துக்கத்துக்கு நடுவில் பெருமைப்படலாமா என்று சர்ச்சில் உட்கார்ந்து யோசித்ததும் உண்டு.

வருஷ நினைவு ஆராதனைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தாள். சிவாஜி நகரில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற கடைக்காரன் எழுத்துக்களை மிஷினில் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொண்டே, "மிஸ், வழக்கமா நினைவாகன்னு போடுவாங்க, தேதி போடுவாங்க. இது என்ன புதுசா?" என்று கேட்டான். புதுசுதான். டம்ளரின் விளிம்புக்குக் கீழே சுற்றி இப்படி வெட்டச் சொல்லியிருந்தாள்: செ. நோரா நினைவாக. தன் வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

"இருக்கட்டும். வெட்டு" என்றாள்.

சர்ச்சில் பாதிப் பேர் அந்த டம்ளரைக் குளியலறையில் பல் தேய்க்க வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும், நோரா காலை எழுந்ததும் அவர்களோடு ஒரு சண்டை போட்டமாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள். மீந்த சில டம்ளர்கள் அவள் சமையலறையிலேயே புழங்கின.

இப்போது வீட்டை விற்க வேண்டி வந்ததற்கும் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் சாந்தகுமாரி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. மறுநாள் பாத்திரம் தேய்க்க வந்த பெண் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, தெருவாரைக் கூப்பிட்டாள், அவர்கள் கதவை உடைத்தார்கள். லாயிட் ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் காலடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். தங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட் காலியாக இருக்கிறது, வீட்டை விற்று அதை வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்துவிடு அக்கா என்றான். அடுத்த மழைக்கு முன்னால் வந்துவிடு என்றான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாந்தகுமாரியும் சரி என்றாள்.

முதலில் வந்த பார்ட்டிக்கு வீடு ரொம்பவும் பிடித்திருந்தது. பேச்சு முடிகிற நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், நல்லது செய்கிற நினைப்பில், "பாவம், தங்கச்சிய வீட்டுலயே வெச்சுப் பார்த்தாங்க, அந்த முன்ரூம்லதான் போச்சு உயிர்" என்று அவர்களிடம் சாந்தகுமாரியைப் புகழ்ந்து வைத்திருக்கிறார். தேஜஸ் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, எல்லாரும் கேக்கிற மொதல் கேள்வி வாஸ்து. ரெண்டாவது கேள்வி, வீட்டுல சாவு ஆச்சான்னு. யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லிடுங்க. அப்பா ஆஸ்பத்திரி. அம்மா ஆஸ்பத்திரி. தங்கச்சியும் ஆஸ்பத்திரி. அஷ்டே, அவ்வளவுதான்."

"தங்கச்சி ஆஸ்பத்திரியில இல்லப்பா."

"கொத்து ஆன்ட்டி, தெரியும். சொல்றதுக்குத்தான்."

லாயிட்டும் போனில் அதையே சொன்னான். "ஒரு வார்த்தைதானே அக்கா. நோரா இருந்தா அவளே சொல்லுவா, போடி பைத்தியம், வித்துட்டு வேலையப் பாருன்னு." அது என்னவோ உண்மைதான். நோரா அப்படிச் சொல்லக்கூடியவள்தான். சாந்தகுமாரி அதைப் பிடித்துக்கொண்டு மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சுவரிலிருந்து நோராவின் படத்தைக் கழற்றி, மாலையை எடுத்துவிட்டு, பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தாள். கண்ணாடிச் சாமான், பீங்கான் கோப்பை எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டி லாயிட் எடுத்துப்போனான். தரைக்குப் பாலிஷ் போட ஆள் வந்தான். வீடு முழுக்கத் தரை பளபளத்தது, முன்ரூமில் ஜன்னலோரம் தவிர. அங்கே இரும்புக் கட்டிலின் நாலு காலும் பதிந்து துரு இறங்கி, சிவப்பில் கறுப்பாக நாலு வட்டம். எத்தனை தேய்த்தும் போகவில்லை. தேஜஸ் ஒரு கம்பளத்தைக் கொண்டுவந்து அதன் மேல் விரித்தான். கம்பளத்தின் மேல் நடக்க சாந்தகுமாரிக்கு மனசு வரவில்லை, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்து வந்தவர்கள் ஜோகுபாளையத்தில் வாடகைக்கு இருக்கிற குடும்பம். கவியரசன் என்கிற பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, மனைவி தாரணி, அம்மா சொர்ணம். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பையனும் மருமகளும் தேஜஸோடு மொட்டைமாடிக்குப் போனார்கள். சொர்ணம் முன்ரூமிலேயே உட்கார்ந்துகொண்டாள். மெலிந்த உடம்பு, வெறும் நெற்றி. மாடிப்படி கொஞ்சம் ஏறினாலே இளைக்கும் என்றாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று சாந்தகுமாரி கேட்டாள்.

"கொடுங்க டீச்சரம்மா."

சொர்ணம் அண்ணாந்து குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கையில் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் நல்ல கனமா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது, ஊர்ப்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் என்று சாந்தகுமாரி நினைத்தாள். சொர்ணம் நிமிர்ந்தபோது அவள் முகம் என்னவோ கனிந்திருந்தது.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்டுல யாராச்சும் தவறினாங்களா?"

படிக்கட்டில் தேஜஸின் காலடிச் சத்தம் கேட்டது.

"இல்லங்க. எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான்" என்றாள்.

"யாரும் இல்லியா?"

"இல்லவே இல்ல."

சொர்ணம் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பையன் இறங்கி வந்து வீடு நல்லா இருக்கும்மா என்றபோது, பார்க்கலாம் என்று எழுந்துவிட்டாள்.

அவர்கள் போனபிறகு டம்ளரைக் கழுவ எடுத்தாள் சாந்தகுமாரி. குழாயடியில் விரல் விளிம்பில் பட்டது. புள்ளி புள்ளியான எழுத்து. தினமும் விரலில் படுகிற எழுத்துத்தான், இத்தனை நாளில் அது கண்ணில் படாமலே போய்விட்டிருந்தது. வீட்டிலிருந்த எல்லாவற்றையும் மறைத்தவள், மறைக்க வேண்டியதைத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அதைப் படித்துக் கையில் வைத்துக்கொண்டே அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். படித்தவளின் கண்ணைப் பார்த்தே இவள் இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அவமானம் என்றால் சாதாரண அவமானம் இல்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மழைக்காலத்தையே இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியவளைத் தானே மறுபடியும் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது போல இருந்தது. குழாயை மூடாமல் நின்று அழுதாள்.

சில நாள் பொறுத்துப் பார்த்தாள். அந்தப் பார்ட்டி போனே எடுக்கவில்லை என்றான் தேஜஸ். லாயிட், "அதான் சரியாத்தானே சொன்னே, அப்புறம் என்ன அவங்களுக்கு?" என்று அலுத்துக்கொண்டான். சாந்தகுமாரி டம்ளரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஜோகுபாளையம் போனாள். கீழே மாவு மில், மேலே வீடு என்று சொர்ணம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். மாவு மில்லைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் ஒன்றும் இல்லை, தெரு முழுக்க மிளகாய் நெடி. இடுக்குப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றி ஏறினாள். வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு, தூசி படிந்து கிடந்தது.

சொர்ணம் கதவைத் திறந்து, "டீச்சரம்மாவா? உள்ள வாங்க" என்றாள்.

சாந்தகுமாரி உட்காரவில்லை. டம்ளரை எடுத்து நீட்டினாள். "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டேன். இது என் தங்கச்சி. அந்த முன்ரூம்லதான் செத்தா. நான்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தேன். வீடு நீங்க வாங்க வேணாம், அதுக்காக வரல. சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

"தெரியும்" என்றாள் சொர்ணம். "நீங்க உட்காருங்க மொதல்ல. படியேறி வந்திருக்கீங்க."

கீழே மில் ஓடுகிற அதிர்வு தரையில் தெரிந்தது. சொர்ணம் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். மீசை வைத்த மனிதர், சந்தனமாலை.

"எங்க வீட்டுக்காரரு. கோவிந்தராஜன். போன தையில ஆஸ்பத்திரியில போயிட்டாரு. ஹவுஸ் ஓனர் கெட்டவரு இல்ல. ஆனா பாடிய மேல ஏத்தாதீங்கம்மா, அப்புறம் இந்த வீட்டுக்கு யாரும் வாடகைக்கு வரமாட்டாங்கன்னுட்டாரு. கைகூப்பிச் சொல்றாரு, நான் என்ன பண்ண? வண்டிய கீழ மில்லு எதிர்லயே நிறுத்தினாங்க. ஊர்லேர்ந்து வந்தவங்கல்லாம் வண்டிக்குள்ள எட்டி எட்டிப் பார்த்தாங்க. பின்னாடி ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், நகரு நகருன்னு. தலைக்கு எண்ணெ வெச்சுக் குளிப்பாட்டல. சுடுகாட்டுல கேன் தண்ணியத்தான் ஊத்தினான் எம்பையன்."

சாந்தகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம்தான் கவி சொந்த வீடு வாங்கலாம்மான்னான். எந்த வசதியும் வேணாம்பா, நான் செத்தா என்னை வீட்டுக்குள்ள வெச்சிருந்து அனுப்புற மாதிரி ஒரு வீடு போதும்னேன். உங்க வீட்டுக்கு வந்து இந்த டம்ளர்ல படிச்சேன் பாருங்க, மனசு நெறஞ்சு போச்சு. இதான்டா நம்ம வீடுன்னு தோணிச்சு. அதான் கேட்டேன். ஆமான்னு சொல்லுவீங்க, எப்படிப் பார்த்துக்கிட்டீங்க, எங்க படுக்க வெச்சீங்கன்னு கேக்கலாம்னு." சொர்ணம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நீங்க இல்லவே இல்லன்னீங்க. வீட்டுல செத்தவங்களையே மறைச்சு வெக்கிற வீடுன்னா நாளைக்கு எனக்கும் அதே கதிதானேன்னு பயந்துட்டேன். பையன்கிட்ட வேணாம்னுட்டேன் டீச்சரம்மா."

வீடு விலை போக வேண்டும் என்று சொன்ன பொய், அந்த வீட்டை அந்தச் சாவுக்காகவே விரும்பிய ஒரே மனுஷியைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"இப்ப வாங்களேன். கம்பளத்த எடுத்துடறேன். கட்டில் இருந்த எடம்கூட இருக்கு. வந்து பாருங்களேன்" என்றாள் சாந்தகுமாரி. பாடம் கேட்கிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது அது.

சொர்ணம் தலையை ஆட்டினாள். "அத்திபெலே பக்கம் ஃபிளாட்டு. நேத்துதான் அட்வான்ஸ் கொடுத்தான். ஒம்பதாவது மாடி. லிஃப்டு சின்னது, ஆளப் படுக்க வெச்சுக் கொண்டுபோக முடியாதாம். நிக்க வெச்சுத்தான் ஏத்துவாங்க போல, போகட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூடச் சேர்ந்து சாந்தகுமாரியால் சிரிக்க முடியவில்லை.

காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது சொர்ணம் டம்ளரைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இத எனக்குக் கொடுத்துட்டுப் போறீங்களா?"

"எடுத்துக்கோங்க. ஆனா உங்களுக்கு எதுக்குங்க?"

"கவிக்குத் தெனம் இதுலதான் தண்ணி கொடுக்கப்போறேன். படிச்சுப் படிச்சு மனசுல நிக்கட்டும்."

சாந்தகுமாரி படியிறங்கிக் கீழே வந்தாள். மில்லுக்கு எதிரே வண்டி நின்றிருக்கக்கூடிய இடத்தில் இப்போது ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அங்கே மிதிக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து நோராவின் படத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். கம்பளத்தைச் சுருட்டினாள். கீழே குனிவது அவளுக்கு லேசான காரியம் இல்லை. முட்டிபோட்டு, கையூன்றி, இழுத்து இழுத்துச் சுருட்டி வெளிவராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டாள். அப்புறம் லாயிட்டுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"விடு அக்கா. அடுத்த பார்ட்டி சனிக்கிழமை வருது. இனிமே டம்ளரு கிம்ளரு எதையும் எடுக்காதே. தேஜஸ் சொல்ற மாதிரி சொல்லு."

"முடியாதுடா."

ஐ.சி.யூ. வாசலில் கேட்ட அதே வார்த்தை என்பது அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"வீடு போகலன்னா நீ அங்க தனியா இருக்கணும் அக்கா. மழை வந்துடும். மறுபடியும் விழுந்தா?" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அவன் பயமும் பொய்யில்லை.

"விழுந்தா விழறேன். நோராவ ஆஸ்பத்திரியில சாகடிக்க மாட்டேன்."

சனிக்கிழமை தேஜஸ் கூட்டிவந்தது ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண் கண்ணை விரித்து, பழைய ஜன்னலின் மரவேலையை வாசலிலிருந்தே ரசித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு செருப்பைக் கழற்றக் குனிந்தாள். தேஜஸ் எட்டிப் பார்த்தான். சுவரில் படம் தெரிந்தது, தரையில் கம்பளத்தைக் காணோம். அவன் முகம் செத்துவிட்டது. சாந்தகுமாரியைப் பார்த்து, பேடா ஆன்ட்டி, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

அவள் வாசற்படியில் நிமிர்ந்து நின்றாள்.

"வாங்க. இது முன்ரூம்" என்றாள். "என் தங்கச்சி நோரா இங்கதான் இறந்தா. கட்டில அந்த ஜன்னலோரம் போட்டிருந்தோம். அதோ தரையில தெரியுது பாருங்க, அது கட்டில் கால் நின்ன எடம். நானேதான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டேன்."

அந்தப் பெண் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அவன் தேஜஸைப் பார்த்தான்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு சாந்தகுமாரி உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவர்கள் நிற்பார்களா, போயிருப்பார்களா என்று அவளுக்குத் தெரியாது. அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்து, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டிலும் நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.